மியூசியத்தைக் கட்டியவரிடம் கேட்கப் போனது

எனக்கு வயது எழுபத்து நான்கு. வளர்த்தது ஆறு பேரை. நான்கு நான் பெற்றது, இரண்டு என் அக்காள் விட்டுப் போனது. யார் யார் எது என்று வெளியாள் கேட்டால் நான் சொல்வதில்லை. ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள். மூத்தவன் எங்கள் மிளகாய் வத்தல் கடையைப் பார்த்துக்கொள்கிறான். கடைக்குட்டி கட்டடத்துக்குப் படம் போடுகிறாள். இது அவளைப் பற்றியது.

வடக்கே ஓர் ஊரில் பெரிய மியூசியம் ஒன்று இருக்கிறது. அதோடு சேர்த்துப் புதிதாக ஒரு கட்டடம் எழும்புகிறது. அதற்குப் படம் போட்டவள் என் மகள். அந்த வேலையை நான் ராயகிரிக்குப் போய்ப் பெரியவர் காலில் விழுந்து வாங்கிக் கொடுத்தேன் என்று ஊரில் ஒரு பேச்சு. பூ மார்க்கெட்டில் ஒருத்தி என் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டாள். "விழுந்தியளாமே அத்தை, மெய்தானா?" என்றாள். "விழுந்திருந்தா எந்திரிச்சிருக்க முடியாது, முட்டு அப்படி" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு வாசிப்பேன். அதற்கு மேல் எழுத்து என்னிடம் நிற்காது. நான் சொல்லச் சொல்ல மூத்தவன் மகள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரி எழுதாதே, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது, ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடி போடு என்று சொல்லியிருக்கிறேன்.

ராயகிரிப் பெரியவரை முதலில் சொல்ல வேண்டும். அந்த மியூசியத்தைக் கட்டியவர் அவர்தான். கொத்தனார் இல்லை, படம் போட்டவர். ராயகிரியில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, வடக்கே போய் அதைக் கட்டினார். அந்தக் கட்டடத்தைப் பார்ப்பதற்கென்றே கடல் தாண்டிப் பிள்ளைகள் வருவார்களாம். எங்கள் பக்கத்து ஆள் ஒருவருக்கு இப்படி ஒரு பெயர் வந்தால் சும்மா இருப்போமா? அவர் படம் பேப்பரில் வந்த அன்று எங்கள் கடையில் வத்தல் வாங்க வந்தவர்கள்கூட அதைத்தான் பேசினார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் கடைக்குட்டி அந்தப் படத்தை வெட்டிச் சாமி அலமாரிக் கதவில் ஒட்டினாள். நான் திட்டினேன். கிழிக்கவில்லை.

அவள் படித்ததெல்லாம் அந்தப் படத்தை வைத்துத்தான். இப்போது சென்னையில் தனியாக ஒரு ஆபீஸ் வைத்திருக்கிறாள். சின்ன ஆபீஸ்தான். மியூசியத்துக்கு இடம் போதவில்லை, பக்கத்தில் ஒன்று சேர்க்க வேண்டும் என்று அங்கே ஒரு கமிட்டி போட்டார்கள். நாலைந்து ஆபீஸ்களிடம் படம் கேட்டார்கள். அதில் இவளுடையதும் ஒன்று. தகவல் வந்ததும் மூட்டை முடிச்சோடு இங்கே வந்துவிட்டாள். சென்னையில் போன் ஓயாது, இங்கே உட்கார்ந்து செய்கிறேன் என்றாள். மாடி அறையில் நாங்கள் வத்தல் சாக்கு அடுக்கியிருந்தோம். அதையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, தரையில் அட்டையால் அந்த மியூசியத்தைச் செய்தாள். சுவர், முற்றம், வாசல், வெளியே ஒரு மாடிப்படி, எல்லாம் அட்டை. அதற்குப் பக்கத்தில் இவள் சேர்க்கப்போகிற கட்டடம். அதையும் செய்து செய்து பிய்த்துப் போட்டாள். சோறு கொண்டு போனால் தட்டை வாங்கி வைப்பாள், சாப்பிட மாட்டாள்.

ஒரு நாள் கேட்டேன். "ஏட்டி, அந்த மனுசன் இப்ப ராயகிரியிலதான இருக்காரு? ஒரு எட்டுப் போய்க் கேட்டுட்டு வந்துர வேண்டியதுதான?"

மனைவி இறந்த பிறகு பெரியவர் வடக்கே இருக்க மாட்டேன் என்று அப்பா வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார். அது எல்லாருக்கும் தெரியும்.

"கேக்கப்படாதும்மா. அவரு யாரு கேட்டாலும் வேண்டாம்பாரு. முன்ன ரெண்டு தடவ இப்படிப் பேச்சு வந்து, அவரு சண்டை போட்டு நின்னு போச்சு. கமிட்டியிலயே சொல்லிட்டாங்க, அவரு சம்மதம் சட்டப்படி தேவையில்ல, நீங்க பாட்டுக்குச் செய்யுங்கன்னு."

"சட்டத்த விடு. உனக்கு எப்படி இருக்கு?"

அவள் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டு கோணிப் போனது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தாங்க மாட்டாள், அதனால் கேட்காமலே இருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கேட்காமல் கட்டிவிட்டாலும் இவளுக்குத் தூக்கம் வராது என்பதும் புரிந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. கட்டிய வீட்டோடு ஓர் அறை சேர்ப்பதென்றால், அந்த வீட்டை முதலில் கட்டிய கொத்தனாரிடம் போய்க் கேட்போம். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு வேட்டி. அவர் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டால்தான் புதுக் கொத்தனார் அந்தச் சுவரில் கரண்டி வைப்பார். எங்கள் மாடி அறை எடுத்தபோது பழைய கொத்தனாருக்குக் கண் தெரியாமல் போயிருந்தது. மேலநீலிதநல்லூரில் இருந்து அவரைக் காரில் கூட்டி வந்தோம். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "வெள்ளை அடிச்சு எத்தன வருசமாச்சு, வெக்கமா இல்ல?" என்று என் வீட்டுக்காரரைத் திட்டினார். திட்டிவிட்டுத் தாம்பாளத்தை வாங்கினார்.

மியூசியம் என்ன, மாட்டுத் தொழுவம் என்ன, எனக்கு எல்லாம் ஒன்றுதான். அடுத்த வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் வெற்றிலை, பாக்கு, பழம், எட்டு முழ வேட்டி எல்லாம் ஒரு பையில் வைத்துக்கொண்டு சிவகிரிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். பையில் பித்தளைத் தாம்பாளமும் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அது இடித்து என் முட்டு வலி கூடியது.

ராயகிரியில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுகிறார்கள். உலகமே போய்ப் பார்க்கிற கட்டடத்தைக் கட்டியவர் வீட்டில் ஜன்னலுக்கு மேல் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. அவர் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பனியனோடு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் படத்தில் பார்த்தபோது கோட்டுப் போட்டிருந்தார்.

"யாரும்மா அது?"

"சங்கரன்கோயில்லருந்து வாரேன் அண்ணாச்சி. வத்தக்கடை வீடு."

"வத்தல் வேண்டாம். காரமே தொடப்படாதுங்கான் டாக்டரு."

"நான் விக்க வரல" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் துடைத்துத் தாம்பாளத்தை வைத்தேன். "எம் மவ உங்க மியூசியத்தோட ஒரு கட்டடம் சேக்கதுக்குப் படம் போட்டிருக்கா. மொதல்ல கட்டினது நீங்க. அதான் முறைக்கு வந்தேன்."

அவர் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டுத் தாம்பாளத்தைப் பார்த்தார். வேட்டியின் கரையை விரலால் தொட்டார். அவருக்கு அந்த முறை தெரிந்திருந்தது. அவர் அப்பா இப்படி ஒரு தாம்பாளத்தைக் கொண்டு போனதைச் சின்ன வயதில் பார்த்திருப்பதாகச் சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"சொல்ல வந்தியளா, கேக்க வந்தியளா?"

சொல்ல வந்தேன் என்றிருந்தால் அவரும் சரி என்று பழத்தை எடுத்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்திருக்கும். ஆனால் சொல்வதற்கு யாராவது வேட்டி கொண்டு போவார்களா? பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கேக்கத்தான் அண்ணாச்சி."

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவேன்."

"சொல்லுங்க."

"வேண்டாம்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. "படத்தப் பாத்துட்டுச் சொல்லப்படாதா?" என்றேன்.

"முன்ன வந்தவன் படத்தயெல்லாம் பாத்தேன். ஒருத்தன் எம் மண்டை மேல கண்ணாடி மாளிகை வச்சான். இன்னொருத்தன் செவுத்துல ஓட்டை போட்டுக் குகை மாதிரி ஆக்கியிருந்தான். உங்க மவ என்ன போட்டிருக்கா?"

"அது எனக்குத் தெரியாது."

"தெரியாமத்தான் கேக்க வந்தியளா?"

"எம் மவ போட்டது தப்பா இருக்காது."

சிரித்தார். ஆனால் தாம்பாளத்தை வாங்கவில்லை. சமையல்கார அம்மாளிடம் எனக்குக் காபி கொடுக்கச் சொன்னார். காபியைக் குடித்தேன், தாம்பாளத்தைப் பையில் எடுத்து வைத்தேன், கும்பிட்டுவிட்டு வந்தேன். கொண்டு போன தாம்பாளத்தைத் திருப்பிக் கொண்டு வந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. ஊரார் சொல்கிற கால் இதுதான். அதில் யாரும் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னேன். மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கேக்காம இருந்தா அவரு வேண்டாம்னு சொன்னதா ஆயிருக்காதேம்மா. இப்ப கேட்டாச்சு, அவரும் சொல்லியாச்சு. இனி நான் எப்படிச் செய்ய?"

"கேக்காமச் செஞ்சா மட்டும் நல்லாருக்குமா?"

"அத நான் பாத்துக்கிடுவேன். உன்ன யாரு போவச் சொன்னா?"

மூத்தவன் அவள் பக்கம் சேர்ந்துகொண்டான். "எம்மா, அது அரசாங்கத்துக் கட்டடம். அவரு அப்பன் வீட்டுச் சொத்தா? நீ என்ன சம்பந்தம் பேசவா போன, வெத்தல பாக்கோட?"

அவனை வாயை மூடச் சொன்னேன். மூடினான். ஆனால் மாடிப்படியில் ஏறிப் போகிறவளை என்ன சொல்லி நிறுத்த? அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மேலே போகும், தட்டு கீழே வரும். அட்டை வெட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. படம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கமிட்டிக்கு முடியாது என்று எழுதிப் போட்டுவிடுவாளோ என்று நினைத்தேன். முதலில் கட்டிய கொத்தனார் வேண்டாம் என்று சொன்ன சுவரில் கரண்டி வைக்கிற பிள்ளையாக நான் அவளை வளர்க்கவில்லை. அதுவே அவளுக்குக் கண்ணியாகிவிட்டது. ஆனாலும் கேட்டது தப்பு என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவளே இறங்கி வந்தாள். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"எம்மா, அவரு சரியா என்ன சொன்னாரு? ஒரு வார்த்த விடாமச் சொல்லு."

சொன்னேன். கண்ணாடி மாளிகை வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் மேலயும் வைக்கல, ஓட்டையும் போடலியே" என்றாள்.

"இத எங்கிட்டச் சொல்லி என்ன? அவருகிட்டப் போய்ச் சொல்லு."

"பயமா இருக்கும்மா." நாற்பது வயதுக்காரி, சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

"நான் வாரேன். முட்டு வலிச்சாலும் வாரேன்."

அட்டைக் கட்டடம் காரில் நுழையவில்லை. கடை லோடு ஆட்டோவில் சாக்கு விரித்து ஏற்றினோம். அவள் பின்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவனைத் திட்டிக்கொண்டே போனேன்.

பெரியவர் எங்களைப் பார்த்ததும் அட்டையைக் கூடத்துத் தரையில் வைக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். பார்த்ததும் தும்மினார். திரும்பவும் குனிந்தார், திரும்பவும் தும்மினார். எங்கள் வத்தல் நெடி அந்த அட்டையில் ஏறியிருந்தது.

"என்ன தாயி, கட்டடம் இவ்வளவு காரமா இருக்கு?"

என் மகள் அப்போதுதான் மூச்சு விட்டாள். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள். "நானும் இங்கன இருக்கேம்லா, தமிழ்ல பேசுங்க" என்றேன். பேசினார்கள்.

"உன் கட்டடத்த ஏன் இவ்வளவு தள்ளி வச்சிருக்க?"

"மரியாதைக்கு சார்."

"நான் என்ன, கடிச்சிருவனா? கோவிச்சுக்கிட்டுத் தனிக்குடித்தனம் போன மருமவ மாதிரில்லா நிக்கு. இதச் சேர்த்த கட்டடம்னு எவன் சொல்லுவான்?" கையால் வாயை மூடிக்கொண்டு இன்னொரு தும்மல் தும்மினார். "இங்கனயே வச்சிட்டுப் போ. நான் பாத்துட்டுச் சொல்லுதேன்."

வைத்துவிட்டு வந்தோம். சில நாள் கழித்துப் போன் வந்தது. போனோம்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மகள் பார்த்துவிட்டாள். அட்டை மியூசியத்தின் வெளிப்பக்கம் இருந்த மாடிப்படியைக் காணோம். பிளேடால் சுத்தமாக அறுத்து எடுத்திருந்தார். அந்தப் படி ஒரு பேப்பரில் தனியாகக் கிடந்தது. அந்த இடத்தில் இவள் கட்டடத்தை நகர்த்தி, பழைய சுவரோடு ஒட்டி வைத்திருந்தார். இவள் செய்ததை வெட்டுவார் என்றுதான் இவள் பயந்து போனாள், அவரோ தன்னுடையதையே வெட்டி வைத்திருக்கிறார்.

"அந்தப் படி நான் போட்டதில்ல" என்றார். "கட்டி முடியிற நேரத்துல அதிகாரிங்க வந்து, தீ கீ பிடிச்சா எறங்கதுக்கு வெளிய ஒரு படி வேணும்னு நின்னாங்க. வேற வழியில்லாம ஒட்ட வச்சேன். மொகத்துல மரு மாதிரி இத்தன வருசமா உறுத்துது. உன் கட்டடத்துக்குள்ள ஒரு படி வருதுல்லா? அப்ப இது தேவையில்ல. இத எடுத்துரு. எடுக்கேன்னு சொல்லு, எனக்குப் பூரண சம்மதம்னு நானே கமிட்டிக்குப் போன் போடுதேன்."

எனக்கு வாய் துறுதுறுத்தது. சரின்னு சொல்லு மக்கா, ஒரு படிதானே என்று அவள் முதுகில் விரலால் குத்தினேன். அவள் பேப்பரில் கிடந்த படியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முடியாது சார்" என்றாள்.

பெரியவருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது. முகம் மாறிவிட்டது.

"நான் கட்டினது. நான் சொல்லுதேன், எடுன்னு."

"நீங்க சொன்னாலும் எடுக்க மாட்டேன். நான் காலேஜ்ல படிக்கும்போது உங்க கட்டடத்தப் பாக்க வந்தேன். நாலு நாளும் அந்தப் படியிலதான் சார் இருந்தேன். வெயில்ல நெழல் விழுத எடம் அது ஒண்ணுதான். காவக்காரங்க அங்கனதான் சோறு திங்காங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அங்கனதான் உக்காந்து ஷூ மாட்டுது. உங்களுக்கு வேணா அது மருவா இருக்கலாம்." என்னைக் காட்டினாள். "எங்க அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போனேன். அவளும் ஒரு மத்தியானம் பூரா அங்கனதான் உக்காந்திருந்தா."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க உள்ள போய்ப் பாக்கலியா?"

"பாத்தேன் அண்ணாச்சி. கால் வலிச்சுது, வெளிய வந்து உக்காந்தேன். பக்கத்துல ஒரு பொம்பள ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தா. பாஷை தெரியல, தின்னோம்."

"உள்ள எது நல்லாருந்துது?"

"படிதான்."

அவர் என்னை முறைத்தார். கோபமா, சிரிப்பா, எனக்குப் பிடிபடவில்லை. அதற்குள் என் மகள் சமையல்கார அம்மாளிடம் பசை இருக்கிறதா என்று கேட்டாள். பசை இல்லை, சோறு இருந்தது. நாலு பருக்கையை நசுக்கி, படியை முன்பு இருந்த இடத்திலேயே ஒட்டினாள். ஒட்டியது காய்கிற வரை பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தன் கட்டடத்தை மெல்ல மெல்ல நகர்த்தி வந்தாள். படி வரைக்கும் வந்து நிறுத்தினாள். இப்போது படி வெளியே தொங்கவில்லை. அந்தக் கட்டடத்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் நடுவில் இருந்தது. இரண்டு பக்கத்தில் இருந்தும் அதில் வந்து உட்காரலாம். இதை அவள் வீட்டில் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்த நிமிஷம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

பெரியவர் நாற்காலியை விட்டு இறங்கி, அப்படியே தரையில் குப்புறப் படுத்தார். "ஐயோ, ஐயா!" என்று சமையல்கார அம்மாள் ஓடி வந்தாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் படி இருந்த இடைவெளிக்குள் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். தூங்கிவிட்டாரோ என்று நான் நினைத்தேன். படுத்தபடியே பேசினார்.

"என்னயே எதுத்துப் பேசுத. நாளைக்குக் கமிட்டிக்காரன் என் கட்டடத்துல எதையாவது இடிக்கச் சொன்னா?"

"இப்ப உங்ககிட்டச் சொன்னததான் அவங்ககிட்டயும் சொல்லுவேன்."

"நான் செத்த பெறவு?"

"அப்பவும் சார்."

"அப்ப நீயே செய்" என்றார். "போன் கீன் எல்லாம் போட மாட்டேன். உன் வேலைய நீயே வாங்கிக்கோ. நான் குறுக்க நிக்க மாட்டேன், அவ்வளவுதான்."

அவ்வளவு போதும் என்று என் மகள் சொன்னாள். அதன் பிறகு பெரியவரால் எழுந்திருக்க முடியவில்லை. நாங்கள் மூன்று பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். அவர் எங்களைத் திட்டிக்கொண்டே எழுந்தார்.

அவர் யாருக்கும் போன் போடவில்லை. என் மகள் படத்தைக் கொண்டு போய்க் காட்டினாள், கமிட்டியில் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள், அவளுடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய படிக்கு இந்தப் பக்கம் இப்போது அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். மண் எடுக்கிற அதிர்வில் படிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று அதைச் சுற்றிச் சாக்கு கட்டி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். ராயகிரியில் இருந்து தினமும் போன் வருகிறதாம், படி எப்படி இருக்கு என்று கேட்டு.

"ஏட்டி, போதும், பேனாவ வை. இன்னும் எழுதினா கை வலிக்கும் உனக்கு. மியூசியத்துல இருக்க உங்க அத்தைக்குப் போனப் போட்டு, ஸ்பீக்கர்ல வையி. அங்கன இப்ப சாப்பாட்டு நேரம், எடுப்பா. எடுத்தாளா? சரி, அந்தப் பெரியவரு தரையில படுத்தாருல்லா, அங்கனருந்து வாசி. மெதுவா வாசி. ஏதாவது தப்பா இருந்தா அவளே சொல்லட்டும்."